பெரம்பலூருக்குப் போய்விட்ட ஊர்கள்

அரியலூர்,
வெள்ளிக்கிழமை.

அன்புத் தம்பி ராசாங்கம் அவர்களுக்கு,

அக்கா கொளஞ்சியம்மாள் எழுதுவது. நான் சுகமாக இருக்கிறேன். முழங்கால் மட்டும் என் பேச்சைக் கேட்பதில்லை. மஸ்கட்டில் வெயில் தணிந்திருக்கும் என்று நினைக்கிறேன். தணியாவிட்டால் தலையில் துண்டு இல்லாமல் கிடங்குக்கும் அறைக்கும் நடக்காதீர்கள்.

போனை எடுக்கமாட்டேன் என்கிறீர்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பியதைத் திறக்கவே இல்லை. ஆகவே காகிதத்தில் எழுதுகிறேன். உங்கள் மச்சான் திருமுருகன் திங்கட்கிழமை விமானம் ஏறுகிறாராம். அவரோடு வரும்.

முதலில் என் மனத்தாங்கலைச் சொல்லிவிடுகிறேன். உங்களை யார் வாயை மூடிக்கொண்டு இருக்கச் சொன்னது? அந்தக் கம்ப்யூட்டர் நிரலை எழுதியது நான். எல்லோரும் மாற்ற முடியாதபடி பூட்டிய பக்கத்தின் சாவி உங்களிடம் இருந்ததால் உங்கள் பெயரில் ஏற்றினீர்கள், அவ்வளவுதான். "இது அக்கா எழுதுனது" என்று ஒரு வரி போட்டிருந்தால் உங்கள் மேல் ஒரு சொல் விழுந்திருக்குமா? பெரிய மனிதராக இருக்க வேண்டும் என்று நினைத்துவிட்டீர்கள். அதனால் என்னைச் சின்னவளாக்கிவிட்டீர்கள்.

நடந்ததை முதலிலிருந்து எழுதுகிறேன். உங்களுக்குத் தெரிந்ததை உங்களுக்கே ஏன் விளக்குகிறேன் என்பது கடைசியில் புரியும்.

இணையத்தில் நம் ஊர்விக்கியில் ஊருக்கு ஒரு பக்கம். சம்பளம் இல்லாமல், ஆசைக்கு எழுதும் ஆட்கள் நாம். எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் ஓரத்துப் பெட்டியில் மாவட்டம், வட்டம் எல்லாவற்றையும் நிரப்புவது ஒரே நிரல். அதில் ஒரு வரி கோணினால் எல்லா ஊரும் கோணும். அதற்காகத்தான் அந்தக் கட்டுப்பாடு வைத்திருக்கிறோம்: யார் நிரல் எழுதினாலும் முதலில் மணல்தொட்டி என்ற சோதனைப் பக்கத்தில் ஓட்டிப் பார்க்க வேண்டும். எழுதாத இன்னொருவர் அதைப் பார்த்த பிறகுதான் உண்மைப் பக்கத்தில் ஏற்ற வேண்டும்.

பெரம்பலூரிலிருந்து அரியலூரை 2001இல் பிரித்தார்கள், அடுத்த வருடமே சேர்த்தார்கள், 2007இல் மறுபடி பிரித்தார்கள். நடுவில் நடந்த ஒரு விஷயத்தை எழுதும்போது எந்த மாவட்டம் என்று போடுவது? பக்கத்தில் கொடுத்திருக்கும் வருடத்தைப் பார்த்து நிரலே மாவட்டத்தைச் சொல்லட்டும் என்று நான்தான் ஒரு விதி எழுதினேன். திருச்சி மாவட்டமாக இருந்த காலத்தைப் பிறகு சேர்க்கலாம் என்று விட்டிருந்தேன். விதி சரியானது. இன்றைக்கும் சொல்கிறேன், அதில் நான் இறங்கி வரமாட்டேன்.

நீங்கள் அன்று போனில் என்ன கேட்டீர்கள்? "அக்கா, ரெண்டு நாள் குடுங்க. ஷிப்ட் முடிஞ்சதும் ஓட்டிப் பாத்துட்டு ஏத்திடறேன்" என்றுதானே? நான் என்ன சொன்னேன்? "எடைமேடையில உக்காந்து, லாரி வராத நேரத்துல கம்ப்யூட்டர் கத்துக்கிட்டவ நானு. எனக்கு பரீட்சை வெக்கிறீங்களா? நம்பிக்கை இல்லன்னா சொல்லிடுங்க, விலகிக்கிறேன்." நீங்கள் சிரித்துவிட்டு, "சாமி, கோவிச்சுக்காதீங்க, இந்தா ஏத்திட்டேன்" என்றீர்கள்.

மறுநாள் காலையில் ஜெயங்கொண்டம், செந்துறை, உடையார்பாளையம் எல்லாம் பெரம்பலூர் மாவட்டத்தில் இருந்தன. முதலில் சிரிப்பாகத்தான் இருந்தது. "பாகம் பிரிச்ச சொத்த எங்கள ஒரு வார்த்தை கேக்காம சேத்துட்டீங்களே" என்று ஜெயங்கொண்டத்து ஆள் ஒருவர் எழுதியிருந்தார். நம்மோடு எழுதும் அறிவரசன் சிரிக்கவில்லை. செட்டிகுளத்துக்காரர் ராசாங்கம் தன் பெரம்பலூர் மாவட்டத்தைப் பெரிதாக்கிக்கொண்டார், இது விஷமம், சாவியைப் பிடுங்க வேண்டும் என்று வாக்கெடுப்பு வைத்துவிட்டார்.

அதன் கீழே நானும் எழுதினேன். பார்க்காமல் ஏற்றியது பொறுப்பில்லாத வேலை என்று. நீங்கள் படித்திருப்பீர்கள். அந்த நேரத்தில், நிரலை எடுத்து ஒட்டும்போது நீங்கள்தான் ஏதோ வரியை விட்டுவிட்டீர்கள் என்று நம்பினேன். எழுதி முடித்த பிறகுதான் நிரலைத் திறந்து பார்த்தேன்.

வரி எதுவும் விடுபடவில்லை. வருடம் எழுதாத பக்கங்களில் அந்த இடம் வெறுமையாக இருக்கும். என் வரி அந்த வெறுமையைப் பூஜ்யம் என்று எடுத்துக்கொண்டது. பூஜ்யம் 2007க்கு முந்தியது, ஆகவே பெரம்பலூர். எடைமேடையில் என் முதல் பாடமே அதுதான், தம்பி. லாரி ஏறுமுன் எடை காட்டும் பெட்டியில் பூஜ்யம் எரிய வேண்டும். ஒன்றுமே எரியாவிட்டால் மேடை ஓடவில்லை என்று அர்த்தம். சுண்ணாம்புக்கல் லாரி எத்தனை வரிசையில் நின்று ஹாரன் அடித்தாலும் நான் ஏற்றமாட்டேன். அப்படிப்பட்டவள் எழுதிய வரி அது.

உடனே சொல்லியிருக்கலாம். பழைய நிரலை யாரோ திருப்பிப் போட்டு ஊர்களெல்லாம் அரியலூருக்கு வந்துவிட்டன, இனி என்ன என்று இருந்தேன். வாக்கு முடிவதற்குள் நீங்களே சாவியை ஒப்படைத்தீர்கள். "எல்லோருக்கும் நன்றி" என்று மட்டும் எழுதியிருந்தீர்கள். அதில் என் பெயர் இருக்கிறதா என்று திரும்பத் திரும்பத் தேடினேன். இல்லை. என் மருமகள் கவிதா காபியை வைத்துவிட்டு, "அத்தே, ரெண்டு நாளா ஒரே பக்கத்தையே மொறைச்சுக்கிட்டு இருக்கீங்களே, அதுல யாரு செத்துட்டா?" என்று கேட்டாள். வாயைக் கழுவு என்று திட்டினேன். காபியைக் குடிக்க முடியவில்லை.

புதன்கிழமை பஸ் ஏறி செட்டிகுளம் போனேன். உங்கள் முகவரி வாங்க என்றுதான் சொல்லிக்கொண்டேன். உங்கள் வீட்டுக்காரி ஜெயசுதாவுக்கு என்னை முன்பின் தெரியாது, ஆனால் பெயரைச் சொன்னதும், "வாங்கக்கா, அரியலூர்ல ஒரு அக்கா இருக்காங்க, ரொம்ப கெட்டிக்காரங்கன்னு அவரு சொல்லுவாருங்க" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். சோறு போட்டாள், முருங்கைக்கீரைப் பொரியல், ரசம். போட்டுக்கொண்டே சொன்னாள்: "லீவு நாள்ல எங்ககிட்ட பேசறதவிட அந்த கம்ப்யூட்டர்கிட்டதான் பேசுவாருக்கா. நான் சண்ட போடுவேன். இப்ப அதைத் தொறக்கறதே இல்லையாம். சாப்ட்டீங்களான்னா ம்முங்கறாரு. தூங்குனீங்களான்னா அதுக்கும் ம்முதான். யாரு என்ன சொன்னாங்கன்னு சொல்லமாட்டேங்கறாரு. ஒங்களுக்கு எதாச்சும் தெரியுமாக்கா?"

தெரியாது என்றேன். மோர் வேண்டுமா என்று கேட்டாள். வாங்கிக் குடித்துவிட்டு வந்தேன்.

பெரம்பலூர் பஸ் நிலையத்தில் அரியலூர் பஸ் வந்து, ஆள் ஏற்றிக்கொண்டு போய்விட்டது. நான் உட்கார்ந்தே இருந்தேன். அங்கேயே போனை எடுத்து வாக்கெடுப்புப் பக்கத்தில் எழுதினேன்: நிரல் என்னுடையது, அவசரப்படுத்தியது நான், ராசாங்கம் இரண்டு நாள் கேட்டார், நான் கொடுக்கவில்லை. இரண்டு எழுத்துப்பிழை விழுந்திருக்கிறது. திருத்தவில்லை, அப்படியே இருக்கட்டும்.

அன்று மாலைக்குள் வாக்கெடுப்பை மூடிவிட்டார்கள். அறிவரசன் வருத்தம் தெரிவித்து எழுதியிருக்கிறார். கீழே போடும் தம் பெயரைவிடச் சின்னதாக எழுதியிருக்கிறார், இருந்தாலும் எழுதியிருக்கிறார். சாவி உங்களுக்கு உண்டு. ஆனால் ஒப்படைத்தவரே வந்து கேட்டால்தான் திருப்பிக் கொடுக்க முடியும் என்பது விதி. என்னால் உங்களுக்காகக் கேட்க முடியாது. கேட்டுப் பார்த்துவிட்டேன்.

உங்களுக்குச் செய்தி எழுதும் பேச்சுப் பக்கத்தில் பாடாலூர் வாத்தியார் ஒருவர் தன் ஊர்ப் படம் பெட்டிக்கு வெளியே தொங்குகிறது என்று மூன்று முறை கேட்டுவிட்டார். என்னால் சரி செய்ய முடியும். செய்யவில்லை. அவர் உங்களைக் கேட்டிருக்கிறார்.

இந்த உறையை நான் ஒட்டவில்லை. நாளை செட்டிகுளம் போய் ஜெயசுதா கையில்தான் கொடுக்கப்போகிறேன். உங்களுக்குத் தெரிந்ததையெல்லாம் விளக்கி எழுதியது அவளுக்காக. நான் வாசலில் இருக்கும்போதே படித்துவிட்டு, அவள் ஒட்டி அவள் தம்பியிடம் கொடுக்கட்டும். அப்புறமும் வாங்கக்கா என்பாளா, போங்கக்கா என்பாளா தெரியாது. எதைச் சொன்னாலும் சரி.

அந்த வரியைத் திருத்தி மணல்தொட்டியில் வைத்திருக்கிறேன். வெறுமையாக இருந்தால் இன்றைய மாவட்டம் என்று மாற்றியிருக்கிறேன். பத்து ஊரை வைத்து ஓட்டிப் பார்த்தேன், சரியாக வருகிறது. அறிவரசன் தாமே பார்த்து ஏற்றுவதாகச் சொன்னார். வேண்டாம் என்றுவிட்டேன். எழுதாத இன்னொருவர் பார்க்க வேண்டும், அது நீங்களாக இருக்க வேண்டும். இரண்டு நாள் எடுத்துக்கொள்ளுங்கள். எத்தனை நாள் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள். வேறு யாரையும் அதைத் தொடவிடமாட்டேன்.

செட்டிகுளத்து மலை முருகன் உங்கள் உடம்பையும் மனதையும் நன்றாக வைக்கட்டும். நேரத்துக்குச் சாப்பிடுங்கள். ஜெயசுதா கேட்டால் ம் என்று சொல்லாமல் வாய் திறந்து பதில் சொல்லுங்கள்.

வரி மணல்தொட்டியில் இருக்கிறது, தம்பி. பாருங்கள்.

இப்படிக்கு,
நீங்கள் இன்னும் அப்படிக் கூப்பிடுவதாக இருந்தால்,
உங்கள் அக்கா
கொளஞ்சியம்மாள்