அக்கா செய்யச் சொன்ன கட்டில்

காக்ஸ் டவுன், பெங்களூர்
1934 ஜூன் 10

என் செல்லத் தங்கை பியாட்ரிஸுக்கு,

அக்கா எழுதுவது. மாதாவின் தயவில் நானும் மாமாவும் சுகம். அங்கே நீயும் ஜெயராஜும் பிள்ளைகள் மூவரும் எப்படி இருக்கிறீர்கள்? கால் வீங்குகிறது என்று எழுதியிருந்தாய். உப்பைக் குறை என்றால் கேட்பாயா? ஊறுகாய் ஜாடியைக் கட்டிக்கொண்டு தூங்குகிறவளாயிற்றே நீ.

பிறக்கப்போகும் குழந்தைக்குக் கட்டில் பார்க்கக் கிளம்பி, ஒரு வாரமாக மாமாவை ஊரெல்லாம் அலைக்கழித்துவிட்டேன். சீமைக்குத் திரும்பும் ஒரு கர்னல் வீட்டில் ஏலம் நடந்தது. இரும்புக் கட்டில், நான்கு மூலையிலும் பித்தளைக் குமிழ், பார்க்க ராஜா வீட்டுச் சாமான் மாதிரி இருந்தது. மாமா கையைத் தூக்கப் போனார். நான் பிடித்து இழுத்துவிட்டேன். கம்பிகளுக்கு நடுவே என் முழங்கை போய் வந்தது. முழங்கை போகிற இடத்தில் குழந்தையின் தலையும் போகும், போனால் சுலபத்தில் வெளியே வராது. வெள்ளைப் பெயின்ட் வேறு செதில் செதிலாக உரிந்திருந்தது. பல் முளைக்கிற பிள்ளை கம்பியைக் கடிக்காமல் இருக்குமா?

பிறகு கமர்ஷியல் தெருவில் ஒரு பிரம்புக் கட்டில். "தொரைங்க வூட்டுக் கொளந்தைங்க எல்லாம் இதுலதாம்மா தூங்குது" என்றான் கடைக்காரன். கையை ஊன்றிப் பார்த்தேன், கிடுகிடுவென்று ஆடியது. "அவங்க கொளந்தைங்க தூங்கட்டும்பா, எங்க கொளந்த விழக்கூடாது" என்று சொல்லிவிட்டு வந்தேன். கடைசியில் பிளாக்பள்ளியில் இருக்கும் தச்சு ஆசாரி ஒருவரிடம் தேக்கில் செய்யச் சொல்லியாயிற்று.

கட்டிலை எங்கே போடுவது என்று மாமா கேட்கிறார். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? என் கட்டிலை ஒட்டித்தான். இருட்டில் கையை நீட்டினால் பிள்ளையின் நெஞ்சு ஏறி இறங்குவது எனக்குத் தெரிய வேண்டும். உனக்குப் பின்னறையில் ஜன்னல் ஓரமாகப் படுக்கை. பிரசவத்துக்கு வந்தால் நீ நன்றாக ஓய்வெடுக்க வேண்டும்.

உன் அன்பு மறவாத அக்கா,
ஜோசஃபின்


தங்கவயல்
1934 ஜூன் 17

அன்புள்ள அக்காவுக்கு,

தங்கை பியாட்ரிஸின் அநேக வணக்கம். மாமாவுக்கும் சொல்லுங்கள். உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு நானும் அவரும் சிரித்தோம். ஏலத்தில் மாமாவின் கையைப் பிடித்து இழுத்ததை மகள் மௌரீன் இரண்டு தரம் படிக்கச் சொல்லிக் கேட்டாள்.

ஆனால் அக்கா, நாற்பது நாள் தங்கப்போகிறவளுக்கு எதற்குத் தேக்குக் கட்டில்? என் பிள்ளைகள் மூன்றும் தூளியில் வளர்ந்ததுதானே. உத்தரத்தில் ஒரு கொக்கி இருந்தால் போதும், என் பழைய புடவையைக் கொண்டுவருகிறேன். செய்யச் சொன்னது சொன்னதுதான் என்றால், அதை என் படுக்கை ஓரம் போடுங்கள். ராத்திரி பாலுக்கு அழுகிற பிள்ளையை எடுக்க நான் உங்கள் அறைக்கு நடந்து வர முடியுமா? மாமா தூக்கம் கெட்டு என்னைத் திட்டுவார்.

அவருக்கு இருமல் குறையவில்லை. சுரங்கத்துக்குள் துளை போடும்போது எழும் கல் தூசி நெஞ்சில் உட்கார்ந்துகொள்கிறதாம். மேலே வேறு வேலை கேட்டுப் பார்த்தார், கிடைக்கவில்லை. ஜெபத்தில் அவரை நினைத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் கீழ்ப்படிதலுள்ள தங்கை,
பியாட்ரிஸ்


காக்ஸ் டவுன்
1934 ஜூன் 24

என் கண்ணே பியாட்ரிஸ்,

தூளி என்று எழுத உனக்கு எப்படி மனம் வந்தது? நோயலின் புருவத்தில் இருக்கும் தழும்பு எதனால் வந்தது? புடவை கிழிந்து, பிள்ளை தரையில் விழுந்து, நீ அடுப்படியிலிருந்து ஓடி வருவதற்குள் ரத்தம். உன்னைக் குறை சொல்லவில்லை. மூன்று பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஒருத்தி எத்தனை பக்கம்தான் பார்ப்பாள்?

நேற்று ஆசாரியிடம் போய் வந்தேன். இரண்டு விரலுக்கு மேல் கம்பிகளுக்கு நடுவே நுழையக்கூடாது என்று அளந்து காட்டினேன். மெத்தைக்கு இலவம்பஞ்சு வேண்டாம், முகம் புதைந்துபோகும், தேங்காய் நாரில் கெட்டியாகத் தைக்கச் சொல்லிவிட்டேன். சட்டத்துக்கும் மெத்தைக்கும் இடையில் துளி இடைவெளி இருக்காது. பெயின்டும் கிடையாது, வெறும் மெருகுதான். கீழ்ப்பலகையை ஏற்றி இறக்க மூன்று வரிசைத் துளை இருக்கிறது. நாலு வயது வரைக்கும் அதில் படுக்கலாம்.

நீ நாற்பது நாள் என்று எழுதுகிறாய். நான் கல்பள்ளிக் கல்லறையை நினைத்துக்கொள்கிறேன். என் மூன்றாவதையும் குழிக்குள் இறக்கியபோது நீதான் என்னைத் தாங்கிப் பிடித்திருந்தாய். "அழாதீங்கக்கா, எனக்கு அடுத்தது பொறந்தா அது ஒங்களுக்குத்தான்" என்றாய். சாமியார் கேட்டார், மாமா கேட்டார். இந்த இரண்டு வருஷமும் நான் அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் உயிரோடு இருக்கிறேன் பியாட்ரிஸ்.

ஜெயராஜின் இருமலைப் பற்றிக் கவலைப்படாதே. மாமா தான் வேலை பார்க்கும் டிப்போவில் அவருக்காகப் பேசியிருக்கிறார். வெளிக்காற்றில், சாமான் கணக்குப் பார்க்கிற வேலை. எல்லாம் சேர்ந்து வரும்.

உன் நன்மையையே நினைக்கும்
அக்கா


தங்கவயல்
1934 ஜூலை 2

அக்கா,

உங்கள் கடிதத்தை மடித்து அரிசிப் பானைக்குள் வைத்துவிட்டேன். அவரிடம் இன்னும் காட்டவில்லை.

அன்று கல்பள்ளியில் நான் அப்படிச் சொன்னது உண்மைதான். குழிக்குள் குதிக்கப்போகிறவள் மாதிரி நின்றீர்களே, அப்போது வேறு என்ன சொல்வேன்? நம் ஜனங்கள் சாவு வீட்டில் சொல்லாததா? பிள்ளையில்லாதவளைக் கட்டிக்கொண்டு என் பிள்ளை உன் பிள்ளை என்று எல்லோரும்தான் சொல்கிறார்கள். யாரும் மறுநாள் தொட்டிலோடு வாசலில் வந்து நிற்பதில்லை. அம்மா இறந்த பிறகு எனக்குத் தலை வாரிவிட்டவர் நீங்கள். என் உயிரில் பாதியைக் கேட்டால் தருவேன். இதைக் கேட்காதீர்கள்.

இங்கே மருத்துவச்சி பிள்ளை குறுக்கே கிடக்கிறது, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ என்கிறாள். அதனால் உங்கள் வீட்டுக்கு வருவதைத் தவிர எனக்கு வழியில்லை. வருகிறேன். நாற்பதாம் நாள் என் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு திரும்பிவிடுவேன். சரி என்று ஒரு வார்த்தை எழுதுங்கள். அதைப் படித்த பிறகு வண்டி ஏறுகிறேன்.

பியாட்ரிஸ்


காக்ஸ் டவுன்
1934 ஜூலை 6

பியாட்ரிஸ்,

கட்டில் வந்துவிட்டது. அறைக்கு அளந்து செய்தது மாதிரி அப்படியே பொருந்திவிட்டது. கொசுவலையும் தைத்தாயிற்று.

சனிக்கிழமை மாமா ஸ்டேஷனுக்கு வருவார். பௌரிங்பேட்டையில் வண்டி மாறும்போது அவசரப்படாதே, படியில் பார்த்துக் கால் வை. உடம்பு இந்த நிலையில் இருக்கும்போது கண்டதையும் யோசிக்காதே.

அக்கா


தங்கவயல்
1934 அக்டோபர் 15

அன்புள்ள அக்காவுக்கு,

மௌரீனுக்கும் நோயலுக்கும் தட்டம்மை இறங்கிவிட்டது. தண்ணீர் ஊற்றியாயிற்று. சின்னவளுக்கு வரவில்லை, மாதாவுக்கு ஸ்தோத்திரம்.

அம்மை கண்ட வீட்டுக்குள் பச்சைப் பிள்ளையைக் கொண்டுபோகாதே, இரண்டு வாரம் என்னிடம் இருக்கட்டும் என்று நீங்கள் சொன்னது நியாயம்தான். அதனால்தான் என் மகன் மைக்கேலை உங்கள் கட்டிலில் படுக்க வைத்துவிட்டு நான் மட்டும் வண்டி ஏறினேன். அந்த இரண்டு வாரம் முடிந்து எத்தனை நாளாகிறது. நான் கடிதம் எழுதினால் அவனுக்குச் சளி என்கிறீர்கள். மறுபடி எழுதினால் மழை என்கிறீர்கள்.

போன சனிக்கிழமை வருகிறேன் என்று முன்கூட்டியே எழுதிவிட்டுத்தான் வந்தேன். வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்திருக்கும் டோரதி என்கிறவள் வெளியே வந்து, "அவங்க வைட்ஃபீல்டு போயிட்டாங்களே, கொழந்தைக்குக் காத்து மாத்தணுமாம், திரும்பி வர ஒரு வாரம் ஆகும்னாங்க. நீங்க கொழந்தையோட சித்தியா?" என்று கேட்டாள். தோட்டத்துப் பக்கம் போய் உங்கள் அறை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வலையைத் தூக்கிச் சொருகியிருந்தீர்கள். விரிப்பை மடித்து வைத்திருந்தீர்கள். கட்டில் காலியாக இருந்தது. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் அழுதேன் அக்கா.

எனக்குப் பால் இன்னும் வற்றவில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளை அழுதால் என் ரவிக்கை நனைகிறது. வருகிற சனிக்கிழமை வருவேன். தயவுசெய்து வீட்டில் இருங்கள்.

பியாட்ரிஸ்


காக்ஸ் டவுன்
1934 அக்டோபர் 19

என் கண்ணான தங்கைக்கு,

ஜன்னலைப் பிடித்துக்கொண்டு அழுதாய் என்று படித்ததும் என் மனம் பட்ட பாட்டை எழுத முடியாது. அழும்போது உன் கன்னம் குழிவது எனக்குத் தெரியாதா? ஆனால் இப்படி வந்து வந்து போனால் உனக்கும் வேதனை, குழந்தைக்கும் குழப்பம். டின் பால் அவனுக்கு நன்றாக ஒத்துக்கொண்டது. கன்னத்தில் சதை போட்டிருக்கிறான். விடியற்காலை முழித்ததும் கம்பி வழியாக என் முகத்தைத் தேடுகிறான். கண்டுவிட்டால் கை கால் எல்லாம் சிரிக்கிறது. முந்தாநாள் தானாகக் குப்புற விழுந்துவிட்டான்.

நிதானமாக யோசி. டிப்போ வேலை இன்னும் காலியாகவே இருக்கிறது. வியாழக்கிழமைக்குள் மாமா ஜெயராஜின் பெயரைக் கொடுக்க வேண்டும். அல்சூரில் ஒரு வீடும் பார்த்து வைத்திருக்கிறார். குடும்பத்தோடு வந்துவிடு. ஜெயராஜுக்கு நல்ல காற்று, பிள்ளைகளுக்கு நல்ல பள்ளிக்கூடம். ஞாயிறு பூசை முடிந்ததும் நீ வந்து மைக்கேலைப் பார்க்கலாம், மடியில் வைத்துக்கொள்ளலாம், யார் வேண்டாம் என்றது?

ஒன்றே ஒன்றுதான். அவனுக்கு விவரம் தெரியும் முன்பே எல்லாம் ஒழுங்காகிவிட வேண்டும். அவனுக்கு நான் அம்மா. நீ சித்தி. அக்கம்பக்கத்துக்கும் அப்படியே. சம்மதம் என்றால் சித்தி என்றே கையெழுத்துப் போட்டு எழுது, மாமா பெயரைக் கொடுத்துவிடுவார். சம்மதம் இல்லை என்றால் அந்த வேலைக்குக் காத்திருப்பவர்கள் நிறையப் பேர். மிரட்டுகிறேன் என்று நினைக்காதே. உன்னைத் தூக்கி வளர்த்தவள் நான்.

சனிக்கிழமை வராதே. நாங்கள் வீட்டில் இருக்க மாட்டோம்.

உன் அக்கா,
ஜோசஃபின்


தங்கவயல்
1934 அக்டோபர் 22

அக்காவுக்கு,

டாக்டர் அவரை இனிமேல் சுரங்கத்தில் இறங்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். வேலை போனால் கம்பெனி கொடுத்த இந்த லைன் வீடும் போய்விடும். கிறிஸ்துமஸுக்கு முன் காலி செய்ய வேண்டியிருக்கும்.

உங்கள் கடிதத்தை அவருக்குப் படித்துக் காட்டினேன். "வேலயும் வேணாம், வீடும் வேணாம். நம்ம புள்ளயத் தூக்கிட்டு வா, போதும்" என்றார். இதைச் சொல்லி முடிப்பதற்குள் இரண்டு தடவை நிறுத்தி, சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். கடைசி வார்த்தை வரும்போது துணியில் ரத்தம். அவர் சொன்னது என் காதில் விழுந்தது. அந்த மூச்சும் விழுந்தது. அவர் தூங்கின பிறகு இதை எழுதுகிறேன்.

மாமாவைப் பெயர் கொடுக்கச் சொல்லுங்கள்.

நீங்கள் செய்தது அநியாயம். அல்சூருக்கு வந்த பிறகு உங்கள் வாசலில் நின்று இதைச் சொல்ல எனக்கு வாய் இருக்காது, அதனால் இப்போதே சொல்லிவிடுகிறேன். எங்களைக் காப்பாற்றிய அக்கா என்று ஊர் உங்களைப் புகழும். நானும் தலையாட்டுவேன். மனதுக்குள் உங்களை மன்னிக்க மாட்டேன்.

மைக்கேல் என்ற பெயரை மட்டும் மாற்றாதீர்கள். அவன் மல்லாந்து தூங்க மாட்டான், வலப்பக்கம் சாய்த்து, முதுகை லேசாகத் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும், கண் மூடிவிட்டான் என்று கையை உடனே எடுத்தால் முழித்துவிடுவான். குப்புற விழுகிறான் என்கிறீர்கள், அப்படியானால் தலையணையை எடுத்துவிடுங்கள், மூக்கு அமுங்கும். மௌரீனும் நோயலும் சீக்கிரம் எழுந்து நின்றவர்கள். இவனும் நிற்பான். கம்பியைப் பிடித்துக்கொண்டு முட்டி போடுகிற அன்றைக்கே கீழ்ப்பலகையைக் கடைசித் துளைக்கு இறக்கிவிடுங்கள். நின்ற பிறகு இறக்கலாம் என்று இருந்துவிடாதீர்கள்.

முதல் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வருகிறேன். கதவைத் திறந்து வையுங்கள்.

இப்படிக்கு,
மைக்கேலின் சித்தி,
பியாட்ரிஸ்