நிக்கலுக்கு அனுப்பிய உமிச் சாம்பல்

11.02 செவ்வாய்
காலையில் பனி. மில்லுக்குப் போக முன்னம்: மிளகாய்க் கன்றுக்குத் தண்ணீர், சைக்கிள் செயினுக்கு எண்ணெய், மூத்த மகள் துஷாவுக்கு (து.) போன்.

து. கம்பசில் கடைசி வருடம். எதனோல் ஆவியைச் சூடான நிக்கல் தூளுக்கு மேலால் விட்டு ஐதரசன் எடுக்கிற வேலை. எனக்குத் தெரிந்த சாராயம் சூடேறினால் சண்டைதான் வரும், வாயு வந்து கண்டதில்லை. நிக்கலைப் பிடித்து வைக்க உமிச் சாம்பல் வேண்டுமாம். நான் வேலை செய்கிற முரசுமோட்டை நெல் மில்லில் உமிக்கு என்ன பஞ்சம்? போன மாதம் நானே கழுவி, வெள்ளையாக எரித்து, பஸ்ஸில் கொடுத்து அனுப்பினேன். மில் முழுக்கச் சொல்லியும் ஆயிற்று. மூட்டை தூக்குகிற சிவம் இன்றும் கதிரையைத் துடைத்து விட்டான்: "இருங்கோ, விஞ்ஞானி."

ஓ.எல். சோதனையில் விஞ்ஞானம் நான் இரண்டாம் தரம்தான் பாஸ். அதை அவனுக்குச் சொல்லவில்லை.

12.02 புதன்
வெயில். து. போன் எடுத்தாள். குரல் சரியில்லை.

"வாயு வருகுதில்லை அப்பா. முதல் அரை மணித்தியாலம் வரும், பிறகு நிக்கல் செத்துப் போகுது. மூண்டு தரம் செய்திட்டன்."

"சாப்பிட்டியோ?"

"நான் என்ன கதைக்கிறன், நீங்கள் என்ன கேக்கிறியள்?"

வெள்ளி பின்னேரத்தோடு வாயு எடுக்கிற மெஷின் அடுத்த பிள்ளைக்கு. அதற்குள் சரிவராவிட்டால் அறிக்கையில் எழுத ஒன்றுமில்லை. வேலை சுத்தமில்லை என்று படிப்பிக்கிற சேர் ஏசினாராம். கழுவின கோப்பையைத் திரும்பக் கழுவிச் சாப்பிடுகிற பிள்ளை.

13.02 வியாழன்
கரண்ட் இல்லை, மில் பூட்டு. மிளகாய் இலை சுருளுது. அதற்கு மருந்தாகக் கந்தகத் தூள் தூவிக்கொண்டு நிற்க, திரும்பவும் து.

"கந்தகம் பட்டால்தான் நிக்கல் இப்பிடிச் சாகுமாம், சேர் சொல்லுறார். ஒரு துளியே போதுமாம். எங்கயிருந்து வந்ததெண்டுதான் விளங்கேல்லை."

என் கையைப் பார்த்தேன். மஞ்சள்.

சாம்பல் போட்டு அனுப்பிய பை: போன போகத்துக் கந்தகப் பை. இரண்டு தரம் உதறினேன். எங்கள் வீட்டில் ஒரு பையும் எறிகிறதில்லை. உரம் வந்ததில் நெல், நெல் வந்ததில் விறகு. தடித்த பை, பஸ்ஸில் கிழியாது என்று தேடி எடுத்தது.

"அப்பா, லைனில நிக்கிறியளோ?"

"ஓம் பிள்ளை. சிக்னல் இல்லை."

சிக்னல் நாலு கோடு.

14.02 வெள்ளி
காலை. இரவு பைக் கதையைக் கேட்ட என் மனுசி, குசினிக்குள் இருந்து: "நீங்கள் சொல்லுறியளோ, நான் சொல்லவோ?"

போன் எடுத்துச் சொன்னேன். து. சொன்னாள்:

"மற்ற எல்லாத்தையும் சோதிச்சனான். நீங்கள் தந்ததெண்டு சாம்பலை மட்டும் சோதிக்கேல்லை."

"இண்டைக்கே வேற எரிச்சுக் கொண்டு வாறன்."

"நாலு மணிக்கு மெஷின் போயிடும் அப்பா. சாம்பலில நிக்கல் ஏத்திக் காயவைக்கவே மூண்டு நாள்."

ஏசவில்லை. ஏசியிருந்தால் மறுமொழி ஒன்று யோசித்து வைத்திருந்தேன்.

15.02 சனி
மழைக்குணம். புதுச் சட்டியில் உமி எரிக்கிறேன். கண்ணாடிப் போத்தல், மூடி, கரண்டி, கை எல்லாம் சுடுதண்ணீரில் மூன்று தரம் கழுவியது.

"ஆர் உங்களைக் கேட்டது?" மனுசி.

ஒருத்தரும் கேட்கவில்லை.

சாம்பல் நல்ல வெள்ளை.