மொட்டைமலையில் எரிந்த இரண்டாவது நெருப்பு

அக்கா,

நாளைக்குக் கொளுத்த வேண்டிய மலைப்புல் கட்டு என் தலைமாட்டில் சாய்ந்திருக்கிறது. காய்ந்த பிறகும் அதில் எலுமிச்சை வாசம் போகவில்லை. போன கார்த்திகைக்கும் வீடெல்லாம் இதே வாசம்தான். அப்பா வாசலில் படுத்திருக்கிறார். அவர் புரளும் சத்தம் கேட்டால் சிம்னி விளக்கைத் தணித்துவிட்டுக் காத்திருக்கிறேன்.

போன வருஷம், ஆட்சி மாறிய வைகாசியில் உன்னை மலைக்கு அந்தப் பக்கம் கட்டிக்கொடுத்தார்கள். ஆடிக்கு வந்தபோது நீ கொஞ்சம் இளைத்திருந்தாய். ஆனாலும் பேச்சுக்குக் குறைவில்லை. "அங்க நாய்கூடக் கன்னடத்துலதான் குலைக்குது புள்ள" என்று சொல்லி அம்மாவைச் சிரிக்க வைத்தாய்.

அன்று சாயங்காலம் ஊருக்கு மேலே உள்ள பாறைக்கு என்னைக் கூட்டிப்போனாய். என் பள்ளிக்கூட வரைபடத்தில் மேலகிரி என்று ஒரே ஒரு வார்த்தைதான் இருக்கிறது. நீயோ விரலை நீட்டி ஒவ்வொரு உச்சியாகச் சொன்னாய். ஆனைமுதுகு, இரட்டைப்பாறை, அவற்றுக்குப் பின்னால் நீலமாகத் தெரிந்த மொட்டைமலை. அதன் அடியில்தான் உன் ஊர்.

கார்த்திகையன்று ஒவ்வொரு ஊரும் தன் உச்சியில் தீபம் ஏற்றும். மொட்டைமலைத் தீபத்துக்குக் கொஞ்சம் தள்ளி நீ தனியாக ஒரு நெருப்பு மூட்டுவதாகச் சொன்னாய். வீட்டுக்கு வந்து அப்பாவிடமும் சொன்னாய்.

"ரெண்டு எரிஞ்சா நல்லா இருக்கேன்னு அர்த்தம். ஒண்ணுதான் எரிஞ்சா, ஆன நின்னாலும் வந்துடுப்பா."

அப்பா சிரித்துக்கொண்டே தலையாட்டினார். ராகி முற்றும் காலத்தில் காட்டுவழி முழுக்க யானை நிற்கும், அறுப்பு முடியும்வரை யாரும் அந்தப் பக்கம் போவதில்லை என்று உனக்கும் தெரியும். அதனால்தான் அப்படிச் சொன்னாய்.

அந்தக் கார்த்திகையன்று நாங்கள் மூவரும் பாறையில் நின்றோம். மொட்டைமலையில் தீபம் தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் பக்கத்தில் இன்னொன்று. அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பிறகு, எதற்கு இவ்வளவு பெரிதாக மூட்டியிருக்கிறாள் என்று கேட்டாள்.

"உம்மக எதையாச்சும் சின்னதா செஞ்சிருக்காளா?" என்றார் அப்பா.

எல்லோரும் சிரித்தோம். அன்று ராத்திரி நான் நன்றாகத் தூங்கினேன் அக்கா. அந்தத் தூக்கத்தை நினைத்துத்தான் இப்போது தூக்கம் வருவதில்லை.

உன்னைக் கட்டிய மாமா வந்து அழுதபோதுதான் தெரிந்தது. தீபத்தன்று நீ காய்ச்சலில் பாயைவிட்டு எழவே இல்லை. நாங்கள் பார்த்தது, ராகிக்குள் இறங்கிய யானையை விரட்டக் காவல்காரர்கள் மூட்டிய நெருப்பு. நீ வைத்த அடையாளம் அவர்களுக்கு எப்படித் தெரியும்? அதற்குப் பிறகும் மூன்று நாள் நீ உயிரோடு இருந்தாய். ஒரு பகல் நடைதான். ஒன்று மட்டும் எரிந்திருந்தால் அப்பா பந்தத்தோடு அன்றே புறப்பட்டிருப்பார்.

அதன்பிறகு அப்பா அந்தப் பாறைக்குப் போகவே இல்லை. மாடு அந்தப் பக்கம் ஏறினால்கூட என்னைத்தான் அனுப்புகிறார்.

இப்போது உன் இடத்துக்கு என்னைக் கேட்கிறார்கள். நாளை மறுநாள் தாம்பூலம் மாற்ற வருகிறார்கள். மாமா கெட்டவர் இல்லை. அவர் எதிரில் நிமிர்ந்து நிற்கவே எனக்குப் பயமாக இருக்கிறது. நான் ஒன்பதாவதுதான் படிக்கிறேன். உன் பெட்டியிலிருந்த சேலைகளை அம்மா வெயிலில் உலர்த்தி எனக்கென்று மடித்து வைத்திருக்கிறாள். மடிக்கும்போது அவள் என் பக்கம் திரும்பவில்லை. நான் வாயைத் திறக்காமல் நடமாடுவதைப் பார்த்து, "சின்னவளுக்குச் சம்மதந்தான், மொகத்துலயே தெரியுதே" என்று அப்பா பெரியப்பாவிடம் சொன்னார். மறுபடியும் தூரத்திலிருந்து பார்த்துத் தெரிந்துகொள்கிறார்.

நீ இருந்தால் எனக்காக நீ பேசியிருப்பாய். இரண்டு பேருக்கும் சேர்த்து நீதானே பேசுவாய்.

நாளைக்கு அப்பா பாறைக்கு வந்துதான் ஆக வேண்டும், இந்த வருஷம் அங்கே ஊர்த் தீபம் ஏற்றுவது நம் வீட்டு முறை. நம் கட்டைக் கொளுத்துவதற்கு முன்பே மொட்டைமலையில் தீபம் ஏறும். அவர் அதற்குப் பக்கத்தில் இன்னொன்றைத் தேடுவார். அப்போது நான் அவர் தோளை ஒட்டி நின்றுகொள்வேன். "எனக்கு இது வேணாம்ப்பா" என்று வாயைத் திறந்து சொல்வேன்.

இருட்டில் என் முகம் அவருக்குத் தெரியாது. அதனால் என் குரலைக் கேட்டுத்தான் ஆக வேண்டும்.