தீப்பெட்டிச் செங்கல்

குழித்துறை,
1952 ஆகஸ்டு 19

கொழும்பிலிருக்கும் தம்பி டைட்டஸுக்கு அக்கா ராஜபாய் எழுதுவது.

கர்த்தருக்குள் வாழ்த்துதல் சொல்வது முறை. சொல்லிவிட்டேன். இங்கே எல்லோரும் உயிரோடு இருக்கிறோம். உன் அத்தான் வழக்கம்போல் சனிக்கிழமை கீரிப்பாறை ரப்பர் தோட்டத்திலிருந்து வந்து, ஞாயிறு ஆராதனை முடிந்ததும் திரும்பிப் போகிறார். மழை போதும் போதும் என்கிற அளவுக்குப் பெய்துவிட்டது. சுகச்செய்தி இவ்வளவுதான். இனி எழுதப் போவது உனக்கு இனிக்காது.

நம் சபைக்குப் புதுக்கோயில் கட்ட நீ பிளான் வரைந்து அனுப்பினாய். என் தம்பி கொழும்பில் காண்டிராக்டர் ஆபீஸில் படம் வரைகிறான் என்று நானும் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். கூடவே ஓர் உத்தரவும் போட்டாய். அங்கே ஏதோ கடைக் கண்ணாடிக்குள், வெள்ளைக்காரப் பிள்ளைகள் அடுக்கி விளையாடும் குட்டிச் செங்கலால் மாளிகை கட்டி வைத்திருந்ததாம். அதேபோல நம் கோயிலையும் அதைச் சுற்றிய வளவையும் சாப்பாட்டு மேசை அகலத்துக்கு மாதிரி செய்து கப்பலில் அனுப்ப வேண்டுமாம். அங்கே கிறிஸ்துமஸுக்குக் கூடும் நம் ஊர்க்காரர்களிடம் காட்டினால் நன்கொடை கொட்டுமாம். செங்கலை மட்டும் இங்கேயே மலிவாகப் பார்த்துக்கொள்ளச் சொன்னாய். சபைச் செயலாளர் செல்வதாஸ் அதை என் கையில் திணித்து, "எக்கா, இது உங்க தம்பிக்க காரியம், நீங்களே பாருங்க" என்று நழுவிவிட்டார்.

மலிவாகப் பார்த்துக்கொள் என்று எழுதுவதற்கு என்ன சுலபம்! நாகர்கோவிலுக்கு பஸ் ஏறிப் போய்க் கடை கடையாகக் கேட்டேன். ஒரே ஒரு கடையில் சீமைப் பெட்டி ஒன்று இருந்தது. அதிலிருந்த செங்கலை வைத்துக் கோழிக்கூடுகூடக் கட்ட முடியாது. விலை கேட்டபோது கடைக்காரன் என் சேலையைத்தான் பார்த்தான். எத்தனை பெட்டி வேண்டியிருக்கும் என்று நான் விரித்துச் சொன்னதும், "அம்மா, அந்தக் காசுக்கு நெசமான வீடே கெட்டிரலாமே" என்று சிரித்தான். அந்தச் சிரிப்பு உனக்குச் சேர வேண்டியது. நான் வாங்கி வந்தேன்.

மரவேலை செய்யும் இஸ்ரவேலிடம் துண்டு மரத்தில் அறுத்துத் தரச் சொன்னேன். ஒன்றுபோல் ஒன்று இல்லை. மழை ஈரத்தில் உப்பிக்கொண்டு, நாலு வரிசை வைத்ததும் சுவர் வயிற்றைத் தள்ளிக்கொண்டு நின்றது.

கடைசியில் அடுப்புப் பற்றவைக்கும்போதுதான் எனக்குப் புத்தி வந்தது. தீப்பெட்டியின் உள்கூட்டை எடுத்து, சாம்பல் தூவி, ஆற்றங்கரைக் களிமண்ணை அழுத்திக் கவிழ்த்தேன். அச்சு அசலாகச் செங்கல். சபைப் பெண்கள் வீட்டுக்கு வீடு காலிப் பெட்டி சேர்த்துத் தந்தார்கள். ஓட்டுச் சூளையில் வேலை செய்யும் பூங்கனி, ஓடு சுடும்போது ஓரத்தில் வைத்துச் சுட்டுக் கொடுத்தாள். செலவு என்று பார்த்தால் என் இடுப்பு வலி மட்டும்தான். அன்று எனக்கு உன்மேல் இருந்த எரிச்சல்கூட ஆறிவிட்டது. அப்படி ஓர் ஏமாளி நான்.

மாதிரியின் அளவுக்கே நீ வரைந்து அனுப்பிய படத்தைப் பலகையில் விரித்து, அதன் மேல் அடுக்கினேன். வாசல், மணிக்கூண்டு, கிணறு, கல்லறைகள் எல்லாம் வந்தன. நீ மரங்களை வரையவில்லை. மரமும் இருந்தால் அழகாக இருக்குமே என்று, ஈர்க்கிலில் இலை கட்டி, எனக்குத் தெரிந்த இடங்களில் குத்தினேன். வடக்கு வேலியோரத்துப் புன்னையைக் குத்தப் போனால் அங்கே இடம் இல்லை. போதகர் அங்கி மாட்டிக்கொள்ள நீ வரைந்த அறை இருந்தது. புன்னை அதன் நடுவில் வந்தது.

என் கைதான் தவறியிருக்கும் என்று பிரித்துப் பிரித்து அடுக்கினேன். பிறகு கயிறு எடுத்துக்கொண்டு வளவுக்கே போய், கிணற்றடியிலிருந்து அளந்தேன். தவறு என் கையில் இல்லை.

அந்தப் புன்னைக்கு அடியில் யார் இருக்கிறாள் என்று உனக்கு நான் சொல்ல வேண்டுமா? சொல்கிறேன். என் முதல் பிள்ளை. பிறந்த வாரமே போனவள். போதகர் வேறு சபைகளைப் பார்க்கப் போயிருந்ததால் அவளுக்கு ஞானஸ்நானம் ஆகவில்லை. ஆகாத பிள்ளைக்கு மணி அடிக்கக் கூடாது, கல் வைக்கக் கூடாது, வேலியோரம் போதும் என்றார்கள். உன் அத்தான் மலைத் தோட்டத்திலிருந்து வந்து சேரவில்லை. பெட்டியைத் தூக்கிப் போனது நீ. குழி வெட்டியது நீ. அடையாளம் இருக்கட்டும் என்று புன்னங்கன்று கொண்டுவந்து நட்டதும் நீதான். அன்று என்ன அழுகை அழுதாய்!

அதே கையால்தான் இந்தப் பிளானையும் வரைந்திருக்கிறாய். பழைய சுண்ணாம்புக் குழியை மறக்கவில்லை. உபதேசியார் கல்லறைக்குச் சிலுவைகூடப் போட்டிருக்கிறாய். அவளுக்கு ஒரு புள்ளி வைக்க உன் மை தீர்ந்துபோயிற்றா? மறந்துவிட்டாய் என்றால் நீ மனுஷனே இல்லை. நினைவிருந்தும் விட்டிருந்தால் அதற்கு என்ன பெயர் என்று எனக்குத் தெரியவில்லை. அவளுக்காக ஒரு நாள் வர முடியாத போதகர்மார், இனி ஞாயிறுதோறும் அவள்மேல் நின்று அங்கி மாட்டுவார்களா?

செல்வதாஸிடம் கேட்டேன். "பிளானில ஒண்ணும் காணல்லியே எக்கா. ஞானஸ்நானம் இல்லாத்ததுக்குக் கல்லறைக் கணக்கு ஏது? மனசு கேக்கலேண்ணா தோண்டி எடுத்து வேற எடத்தில வச்சிரலாம்" என்றார். தோண்டி எடுக்க அங்கே இனி என்ன இருக்கும், டைட்டஸ்? மண்தான் இருக்கும். அந்த மண்ணைத்தான் நான் கேட்கிறேன். உன் அத்தானிடம் சொன்னேன். சோற்றுத் தட்டை விட்டு எழுந்து போனார்.

என் முடிவைக் கேள். அந்த அறையை மாதிரியில் பிரித்துப் போட்டுவிட்டேன். அதே செங்கலால் தெற்கே கட்டிப் பார்த்தேன். இடம் தாராளமாக இருக்கிறது. ஆகவே முடியாது என்று கதை சொல்லாதே. அறையைத் தெற்கே மாற்றி, புன்னையை வரைந்து, அதனடியில் கல்லறை என்று எழுதி, புதுப் பிளான் உன் கையெழுத்தோடு வந்தால் மாதிரி கப்பல் ஏறும். வராவிட்டால் என் கட்டிலுக்கடியில் கிடக்கும். செல்வதாஸ் ஆள் கூட்டிக்கொண்டு வந்து கேட்டார். நான் பிசைந்த மண், சபைச் சொத்து இல்லை என்று வாசலோடு அனுப்பிவிட்டேன். கடப்பாரை அந்த வேலிப் பக்கம் வந்தால் நான் போய் அங்கே படுத்துக்கொள்வேன். அக்கா கோபக்காரி, ஆறிவிடுவாள் என்று யாருக்கும் எழுதாதே. ஆறமாட்டேன்.

ஞானபாய்க்கு இது நிறைமாதம் என்று எழுதியிருந்தாய். உன் மனைவிமேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. சுக்கும் கருப்பட்டியும் கட்டி, கப்பல் ஏறுகிற ஆளிடம் கொடுத்திருக்கிறேன். கர்த்தர் அவளுக்குச் சுகப்பிரசவம் தரட்டும். பிள்ளை பிறந்தால் புது உடுப்பு, சொந்தக்காரர் வரவு என்று காத்திருக்காதே. அன்றைக்கே போதகரைக் கூட்டிவந்து, தலையில் தண்ணீர் ஊற்றி, பெயர் வைத்துவிடு. உன்மேல் எவ்வளவு எரிந்தாலும் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

பெண் பிள்ளையாக இருந்து, உங்களுக்குப் பெயர் ஒன்றும் தோன்றாவிட்டால் எனக்கு எழுது. போதகர் வந்ததும் வைக்கலாம் என்று நான் எடுத்துவைத்திருந்த பெயர் ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லி இதுவரை யாரையும் கூப்பிட்டதில்லை.

உன் அக்கா,
ராஜபாய்