தண்ணீருக்குள் வாய் ஓயாதவளுக்கு

மாட்டுங்கா வீட்டுப் பால்கனியில் என் டைவிங் உடுப்பு காய்கிறது. ரப்பரும் உப்பும் கலந்த வாசனை தாங்காமல் பக்கத்து வீட்டு மாமி ஜன்னலைச் சாத்திவிட்டார். நீயாக இருந்தால் அதில் முகத்தைப் புதைத்து மோந்து பார்த்திருப்பாய். நேற்றுதான் அந்தமானிலிருந்து திரும்பினேன். உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்? இறங்கிவிட்டேனடி! நம் பாறைக்கு இறங்கியே விட்டேன்!

செம்பூர் நீச்சல் குளத்தில் பயிற்சி தொடங்கிய நாள் நினைவிருக்கிறதா? நாற்பதைத் தாண்டியவர்கள் நாம் இருவர் மட்டும். நான் வங்கிக்காரி, நீ தாராவியில் தோல்பைப் பட்டறை நடத்துபவள். ஜோடி ஜோடியாகத்தான் இறங்க வேண்டும் என்றதும் என் கையைப் பிடித்துக்கொண்டாய். "ஏட்டி, நீ எங்கூட வா. ஒத்தைல போவ எனக்குப் பயம்லா."

பயமாம்! காற்றுக்குழாயைக் கடித்துக்கொண்டே தண்ணீருக்குள் பேசுகிறவளுக்கு என்ன பயம்? கடலில் இறங்கினால் கிளிமீனைக் கண்டால் பேச்சு, ஆமையைக் கண்டால் கூச்சல். எனக்குக் கேட்பதெல்லாம் குமிழிச் சத்தம்தான். ஆனாலும் புரிந்துவிடும். காற்று உனக்குத்தான் முதலில் குறையும், உன்னோடு நானும் பாதியில் மேலே வந்தாக வேண்டும். படகில் ஏறியதும் திட்டுவேன். "கீழ வாயை மூடிண்டு இருக்கப்படாதா? காத்தையெல்லாம் பேசியே தீத்துடறியே!" நீ சிரிப்பாய். "இம்புட்டு அழகைப் பாத்துட்டு சும்மா வரச் சொல்லுதியா?"

நாம் ஆசைப்பட்டதோ அந்தமானில் நீரோட்டம் வேகமான அந்த ஆழப் பவளப்பாறைக்கு; அங்கே நன்றாகப் பழகியவர்களை மட்டுமே அழைத்துப் போவார்கள். அதற்காகவே லீவு சேர்த்துச் சேர்த்து வேறு கடல்களில் இறங்கினோம். ஒருவழியாக 'வரலாம்' என்று பதிலும் வந்தது. அந்த மழைக்காலத்தில்தான் ஒரு காய்ச்சல் உன்னைக் கொண்டுபோனது.

உடுப்பைப் பரணில் போட்டுவிட்டேன். வேறொருவர் பக்கத்தில் இறங்குவதை நினைத்தாலே கோபம் வந்தது. பிறகு ஒருநாள் உன் வீட்டுக்காரர் உன் டார்ச்சைக் கொண்டுவந்து நீட்டினார். "பகல்ல இது எதுக்குக்கா? எனக்கு வெளங்கல. நீங்களே வச்சுக்கிடுங்க." ஆழத்தில் சிவப்பு நிறம் கண்ணுக்குத் தெரியாது, டார்ச் அடித்தால்தான் தெரியும் என்று அவருக்கு விளக்கத் தொடங்கினேன். விளக்கி முடிப்பதற்குள் எனக்கே கால் பரபரத்தது.

அந்தமானில் எனக்குக் கிடைத்த ஜோடி ஒரு செம்பூர்ப் பெண், முப்பது வயதிருக்கும். இறங்கியதுமே நீரோட்டம் தாதர் ஸ்டேஷன் கூட்டம்போல எங்களைத் தள்ளிக்கொண்டு போனது. பாறைச் சுவர் முழுக்க ஒரே சாம்பல் நீலம். ப்பூ, இதற்கா இத்தனை பாடு என்று ஒரு கணம் சப்பென்று போயிற்று. உன் டார்ச்சைப் போட்டேன். அடியம்மா! ஆள் உயரத்துக்கு ஒரு விசிறிப் பவளம், அப்பட்டமான குங்குமச் சிவப்பு! வெளிச்சத்தை நகர்த்த நகர்த்த ஆரஞ்சு, ரோஜா, ஊதா. மஞ்சள் மீன்கள் கூட்டமாக வந்து எங்களைச் சுற்றிக்கொண்டன. சிரித்த சிரிப்பில் முகக்கண்ணாடிக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது. நீ இல்லையே என்று அழுகையும் வந்தது.

காற்று மீட்டரைப் பார்த்தால் முள் இறங்கிக் கிடக்கிறது. எனக்கு! என்னால் அந்தப் பெண்ணும் சீக்கிரமே மேலே வர வேண்டியதாயிற்று. படகில் ஏறியதும் பிடித்துக்கொண்டாள். "ஆன்ட்டி, காத்து எப்படித் தீராம இருக்கும்? கீழ ஃபுல்லா பக்பக்னு பேசிட்டே இருந்தீங்களே, யார்கிட்ட?"

நான் யோசிக்கவே இல்லை. "இம்புட்டு அழகைப் பாத்துட்டு சும்மா வரச் சொல்லுதியா?" என்றேன். மாட்டுங்காக்காரி வாயில் அது எப்படி வந்தது என்று நீயே சொல், ஏட்டி.