ஆறு பேர், ஒரே கையெழுத்து

மார்ச் 3, செவ்வாய்

இதைக் கையில் எடுத்தவர் யாராக இருந்தாலும் காலில் விழுந்து கேட்கிறேன், யாரிடமும் காட்டாதீர்கள். படித்துவிட்டீர்களா, சரி, போகட்டும். எடுத்த இடத்திலேயே வைத்துவிடுங்கள். செருப்பு அலமாரியின் அடித்தட்டில், விரித்திருக்கும் செய்தித்தாளுக்குக் கீழே. அப்பா கண்ணில் பட்டால் என் தோலை உரித்துவிடுவார். பேச்சுக்குச் சொல்லவில்லை.

குளியலறையில் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருக்கிறேன். கேட்டால் வயிற்றுவலி. இந்த வீட்டில் உள்தாழ்ப்பாள் இருப்பது இந்தக் கதவுக்கு மட்டும்தான். அப்பா எந்தக் கதவையும் தட்டமாட்டார். வாசல் கதவுக்கு அவரிடம் சாவி இருக்கிறது, உள்கதவுகளுக்குக் கால் இருக்கிறது.

இன்று ஒரு பார்சல் வந்தது. என் பெயருக்கு. உடம்பு இளைக்கும் மூலிகை மாத்திரை, எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்து. என்னைப் பார்த்தால் துணிக்கம்பிக்குச் சீருடை மாட்டியதுபோல இருக்கும். நான் இளைக்க என்ன இருக்கிறது?

விஷயம் இதுதான். வெளிநாட்டு மூலிகை மருந்தை வரவழைத்து விற்க வேண்டுமென்றால் உரிமம் வேண்டும், சோதனைச் சான்று வேண்டும். சொந்த உபயோகத்துக்கு என்றால் எதுவும் வேண்டாம். ஒரு ஆளுக்கு மூன்று மாத அளவு. "என் உபயோகத்துக்கு மட்டுமே, விற்கமாட்டேன்" என்று கைப்பட எழுதிக் கையெழுத்துப் போட்டுச் சுங்க அலுவலகத்துக்கு அனுப்பினால் போதும், பார்சலை விட்டுவிடுவார்கள்.

"சட்டம் ஆளைத்தான் எண்ணுது. வீட்டை எண்ணல" என்பார் அப்பா, என்னவோ சட்டத்தையே இவர்தான் எழுதியதுபோல.

அதனால் ஆறு ஆள். அப்பா, அம்மா, நான், வெளியூர் அத்தை, மேல்மாடி அக்கா, தாத்தா. தாத்தா செத்து நாலு வருஷம் ஆகிறது. அவரும் எங்களோடு சேர்ந்து இளைத்துக்கொண்டிருக்கிறார்.

ஆறு பேருக்கும் எழுதுவது நான். அப்பாவின் எழுத்து கோழி கிளறியதுபோல இருக்கும். எனக்குப் பள்ளியில் கையெழுத்துப் போட்டியில் முதல் பரிசு. அன்று மேடையில் கைதட்டினார்கள். இதற்காகவா தட்டினார்கள்?

பிறகு புட்டிகளை வெந்நீரில் ஊறவைத்து லேபிளை உரிக்க வேண்டும். புது லேபிளும் நான்தான் எழுதுவேன்: "முழுக்க முழுக்க மூலிகை. பக்கவிளைவு இல்லை." அம்மா அதைத் தையல் ஆலைக்குக் கொண்டுபோய்ச் சாப்பாட்டு நேரத்தில் விற்பாள்.

உரித்த லேபிள் ஒன்று கிழியாமல் வந்தது. நீலப்பூ படம், கீழே எறும்பு வரிசைபோலப் பொடி எழுத்து. அழகாக இருந்தது. இந்த நோட்டின் பின்னட்டையில் ஒட்டிவைத்திருக்கிறேன். மற்றதையெல்லாம் அப்பா எரித்துவிட்டார்.

மார்ச் 5, வியாழன்

பள்ளியிலிருந்து வரும்போது மாடி அக்கா படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாள். அவள் பேருந்து நடத்துநர். சீருடை இறுக்குகிறது என்றுதான் எங்கள் மாத்திரையை ஆரம்பித்தாள். "பட்டன் தெறிச்சு எவனாச்சும் கண்ணுல பட்டுச்சுன்னா நஷ்டஈடு யாருடி குடுக்கிறது?" என்று சிரித்துக்கொண்டேதான் முதல் புட்டி வாங்கினாள்.

இன்று சிரிக்கவில்லை. "என் கண்ணைப் பாருடி. மஞ்சளா இருக்கா?"

இருந்தது. நன்றாகவே இருந்தது.

அப்பாவிடம் சொன்னேன். "நாள் பூரா வெயில்ல நிக்கிறா, அப்படித்தான் இருக்கும். ரெண்டு மாத்திரை சேத்துப் போடச் சொல்லு, சரியாயிடும்."

மாடிக்குப் போய்ச் சொன்னேன்.

நான்தான் போய்ச் சொன்னேன்.

மார்ச் 7, சனி

ஓடும் பேருந்தில் அக்கா மயங்கி விழுந்துவிட்டாள். படியோரக் கம்பியில் தலை இடித்து நெற்றி பிளந்திருக்கிறதாம். ஆனால் டாக்டர் நெற்றியைப் பற்றிப் பேசவே இல்லையாம். ஈரல் என்கிறாராம்.

மார்ச் 8, ஞாயிறு

முடிந்தவரை எழுதுகிறேன்.

மத்தியானம் மாடி அண்ணன் வந்தார். அக்காவின் கணவர், லாரி ஓட்டுகிறவர். எப்போதும் என்னை "ஏய் ஒட்டடைக்குச்சி" என்றுதான் கூப்பிடுவார், பெரிய உடம்பை வைத்துக்கொண்டு எதற்கெடுத்தாலும் வெட்கப்படுவார். இன்று கையில் சக்கரம் கழற்றும் இரும்பு ஸ்பேனர்.

முதல் அடி டிவிக்கு. அடுத்தது கண்ணாடி அலமாரிக்கு. புட்டிகள் உடைந்து தரையெல்லாம் மாத்திரை உருண்டது. அப்பா எழுந்து "டேய், என்னடா" என்று ஆரம்பித்தார், முடிக்கவில்லை. வாயிலேயே விழுந்தது. பல் ஒன்று என் காலடியில் வந்து விழுந்தது. முதலில் அதையும் மாத்திரை என்று நினைத்தேன்.

அண்ணன் அப்பாவின் சட்டையைப் பிடித்துச் சுவரில் சாய்த்தார். "அதுல என்ன இருந்துச்சு? அதை மட்டும் சொல்லு. டாக்டர் கேக்கிறாரு. என்ன விஷம்னு தெரிஞ்சாத்தான் மாத்து மருந்து குடுக்க முடியும்கிறாரு. சொல்லுடா!"

"இலைதழைதான்பா... வெறும் மூலிகை..."

"பேரு சொல்லுடா!"

அப்பாவுக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது. அவர் லேபிளைப் படித்ததே இல்லை.

அண்ணன் என் பக்கம் திரும்பினார். "பாப்பா, உனக்குத் தெரியுமா? புட்டியில எழுதியிருக்கிறது உன் கையெழுத்துதானே?"

செருப்பு அலமாரி எனக்கு மூன்றடி தூரத்தில் இருந்தது. அப்பா அண்ணனின் தோளுக்கு மேலாக, ரத்த வாயோடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தெரியாது என்று தலையாட்டினேன்.

அக்கம்பக்கத்தார் வந்து அண்ணனை இழுத்துக்கொண்டு போனார்கள். கதவு சாத்தியதும் அப்பா பெல்ட்டைக் கழற்றினார். எனக்கில்லை, அம்மாவுக்கு. "ஆலையில விக்கச் சொன்னா இங்க மாடியில எதுக்குடி வித்தே?" அம்மா சமையலறை மூலையில் சுருண்டுகொண்டு தலையை மட்டும் கையால் மூடிக்கொண்டாள். பெல்ட்டின் கொக்கி பாத்திரத்தில் படும்போது மட்டும் மணி அடிப்பதுபோலக் கேட்டது.

பிறகு நானும் அம்மாவும் மண்டியிட்டுத் தரையில் கிடந்த மாத்திரைகளைப் பொறுக்கினோம். துடைத்து மறுபடி புட்டியில் போட வேண்டுமாம்.

நான் சொல்லியிருக்கலாம். மூன்றடி.

மார்ச் 9, திங்கள்

சுங்க அலுவலகத்திலிருந்து கடிதம். அப்பா என்னைத்தான் படிக்கச் சொன்னார். பல் போன இடத்தில் காற்று போவதால் அவர் பேச்சு விசில் மாதிரி வருகிறது. வேறு நாளாக இருந்தால் சிரிப்பு வந்திருக்கும்.

ஒரே முகவரிக்கு ஆறு பேர் பெயரில் தொடர்ந்து பார்சல் வருகிறது. ஆறு உறுதிமொழிகளும் ஒரே கையெழுத்தில் இருப்பதாகத் தெரிகிறது. ஆகவே 13ஆம் தேதி வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு அலுவலர் நேரில் வந்து ஒவ்வொருவரிடமும் சில வரிகள் எழுதி வாங்குவார். பொய் உறுதிமொழி தண்டனைக்குரியது.

அப்பா என்னவெல்லாமோ யோசித்து வைத்திருந்தார். பெயரை மாற்றினார், நாளை மாற்றினார், ஒவ்வொருவருக்கும் வேறு வேறு வியாதிகூட எழுதச் சொன்னார். பேனாவைக்கூட மாற்றச் சொன்னார். கையை மாற்றத் தோன்றவில்லை.

"தாத்தாவை எங்க போய்க் கூட்டியாறது?" என்றாள் அம்மா, பாத்திரம் தேய்த்துக்கொண்டே, திரும்பாமல். கேலியா, நிஜமாகவே கேட்டாளா, தெரியவில்லை. அறை விழுந்தது.

மார்ச் 11, புதன்

இடக்கை. வலது முடியாது. இரண்டு விரல். நாளை எழுதுகிறேன்.

மார்ச் 12, வியாழன்

ஒவ்வொரு எழுத்தாகப் போகிறது. ஒன்றாம் வகுப்புப் பிள்ளை எழுதியதுபோல இருக்கிறது. இருந்தாலும் எழுதியாக வேண்டும்.

செவ்வாய்க்கிழமை அப்பா என்னை மேஜை முன்னால் உட்காரவைத்தார். "அசிங்கமா எழுதிப் பழகு. வெள்ளிக்கிழமை அந்த ஆபீசர் முன்னாடி கோழிக் கிறுக்கலா எழுதணும். இது நீ எழுதினதில்லன்னு ஆகிடும்."

எழுதினேன். முதல் வரி கோணலாகப் போனது. இரண்டாவது வரியில் "மூலிகை" வந்தது, அந்தக் கொம்பும் சுழியும் தானாக வளைந்து அழகாக உட்கார்ந்துகொண்டன. தலையில் ஒரு குட்டு. மறுபடி எழுதினேன். மறுபடியும் அப்படியே. "உன்னை அழகா எழுதச் சொல்லலடி!" குட்டு. உலகத்தில் எந்தப் பிள்ளையாவது இதற்காக அடி வாங்கியிருக்குமா? வேண்டுமென்று செய்யவில்லை. பயந்தால் என் கை இன்னும் கவனமாக எழுதும், அதற்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

நாலாவது பக்கத்தில் அப்பா என் மணிக்கட்டைப் பிடித்தார். மேஜை இழுப்பறையை வெளியே இழுத்தார். கையை உள்ளே வைத்தார். இடுப்பால் மோதி மூடினார்.

ஒரு முறை இல்லை. இழுப்பறையின் பிடி கழன்று விழும்வரை.

நான் கத்தியது எனக்கே கேட்கவில்லை. அப்பா மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார். கோபம் வடிந்துவிட்டது, யோசிக்கிறார் என்று முகத்தில் தெரிந்தது. "நல்லதாப் போச்சு" என்றார். "கை ஒடஞ்ச பிள்ளைகிட்ட எவனும் எழுதச் சொல்லமாட்டான்."

ஆஸ்பத்திரியில் கதவில் நசுங்கிவிட்டது என்று சொன்னேன். எந்தக் கதவு என்று நர்ஸ் கேட்டார். அம்மா என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

இன்று விடியற்காலை அம்மா என்னை எழுப்பினாள். அப்பா குளித்துக்கொண்டிருந்தார். காதோடு காதாகக் கேட்டாள்: "அந்தப் பூ போட்ட லேபிள் நோட்டுலதானே இருக்கு?"

எந்த நோட்டு என்றேன்.

"செருப்பு அலமாரியைத் துடைக்கிறது யாருன்னு நெனச்சே? பேப்பரை மாத்துறது யாரு?"

"எல்லாத்தையும் படிச்சியாம்மா?"

"இத்தனை நாள் தொறக்கல. உன்னோடது, அதுபாட்டுக்கு இருக்கட்டும்னு விட்டேன். நேத்துத்தான் படிச்சேன்." போர்வையை என் மேல் இழுத்துவிட்டாள். "மூணடின்னு எழுதியிருக்கியே. எனக்கு ரெண்டடிதான்டி. நானும் அங்கதான நின்னேன்."

பின்னட்டையை அப்படியே கிழித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு, சாப்பாட்டு டப்பாவோடு ஆலைக்குப் போவதுபோலப் போனாள்.

சாயங்காலம் வந்து, வெங்காயம் நறுக்கியபடி சொன்னாள். டாக்டர் அதை இரண்டு தடவை படித்தாராம். அந்த நீலப்பூச் செடி தடைசெய்யப்பட்ட பட்டியலில் இருக்கிறதாம். உடனே போன் எடுத்து மருந்தை மாற்றச் சொன்னாராம். போனை வைத்துவிட்டு, "இதை ஞாயித்துக்கிழமையே குடுத்திருக்கலாமேம்மா" என்றாராம்.

"மாடி அண்ணன் இருந்தாரா?"

"இருந்தாரு."

"அடிச்சாரா?"

"அடிக்கல." வெட்டிய வெங்காயத்தையே மறுபடி வெட்டினாள். "அடிச்சிருந்தா நல்லாருந்திருக்கும்."

மார்ச் 13, வெள்ளி

முதல் தடவையாகப் பகலில் எழுதுகிறேன். வாளியில் இல்லை, மேஜையில். பிடியில்லாத இழுப்பறை என் வயிற்றுக்கு நேராக இருக்கிறது. ஜன்னல் திறந்திருக்கிறது. மணி ஒன்பது.

அப்பா ஆறு மணிக்கே மிச்சப் பெட்டிகளை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார், எங்கேயாவது ஒளித்துவைக்க. போகும்போது சொன்னது: "அவங்கவங்க உறுதிமொழியை அவங்கவங்கதான் எழுதினாங்க. தாத்தா வெளியூர் போயிருக்காரு. மாத்திச் சொன்னா இன்னொரு கையும் இருக்கு." பத்துக்குள் வந்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறார்.

அம்மா இன்று ஆலைக்குப் போகவில்லை. எதிரே நாற்காலியில் முதுகு சாயாமல் உட்கார்ந்திருக்கிறாள், சாய்ந்தால் வலிக்கிறது. "வித்தது நான்தான்னும் ஆபீசர்கிட்டச் சொல்லப்போறேன். யார் யாருக்கு வித்தேன்னு பேரு பேராச் சொல்லணும். அந்தப் பொண்ணுங்க இன்னும் முழுங்கிட்டிருக்குங்க."

"உன்னையும் பிடிச்சிட்டுப் போவாங்களாம்மா?"

"போனா போறாங்க. எழுதுடி நீ."

காலையில் மாடி அண்ணன் துணி எடுக்க வந்தவர் எங்கள் வாசலில் நின்றார். கையில் ஒன்றும் இல்லை. என் கையிலிருந்த கட்டைப் பார்த்தார், வெகுநேரம். பிறகு படியைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "ராத்திரி கண்ணு முழிச்சா. தண்ணி கேட்டா." அப்படியே மாடி ஏறிவிட்டார். ஒட்டடைக்குச்சி என்று கூப்பிடவில்லை.

அலுவலர் எழுதிக் காட்டச் சொன்னால் என்னால் முடியாது. அப்பா நினைத்தது சரிதான். ஆனால் மார்ச் 3 முதல் 9 வரை இந்த நோட்டில் இருப்பது அந்தக் கைதான். அதே கொம்பு, அதே சுழி. எழுதியது யார், எழுதவைத்தது யார், இரண்டும் இதிலேயே இருக்கிறது. அம்மா கேட்கவில்லை, நானாகத்தான் சொன்னேன், இதைக் கொடுத்துவிடலாம் என்று.

கொடுப்பதற்கு முன் முதல் பக்கத்தைத் திருப்பினேன். "யாரிடமும் காட்டாதீர்கள்" என்றதை இடக்கையால் அடித்துவிட்டேன். கோடு கோணலாகப் போய்க் கீழ்வரியையும் சேர்த்து அடித்துவிட்டது. பரவாயில்லை.

படியில் செருப்புச் சத்தம். அம்மா எழுந்துவிட்டாள். அப்பாவின் நடையா என்று கேட்கிறாள். தெரியவில்லை. வாசலுக்கு வந்தாயிற்று. சாவிச் சத்தம் வருகிறதா என்று இரண்டு பேரும்

தட்டுகிறார்கள்