பாலுக்குக் காய்ச்சல்

அன்புள்ள மகளுக்கு,

இங்கே அம்மா, நான், உன் மகள் வாலு மூவரும் நலம். வழக்கத்துக்காக எழுதும் நலம் இல்லை இது, கடையில் மிக்சிக்குத் திருகாணி முடுக்கும்போதுகூடத் தானாகச் சிரிப்பு வருகிற அளவுக்கு நலம். நீயும் மாப்பிள்ளையும் அங்கே அப்படியே இருக்க வேண்டும். இனி உட்கார்ந்துகொண்டு படி, பயப்படாதே, முடிவு நல்ல முடிவுதான்.

போன சனிக்கிழமை நீ போன் பண்ணியபோது வாலு தூங்குகிறாள் என்றேனே, அது பொய். ஆஸ்பத்திரியில் கையில் ஊசியோடு படுத்திருந்தாள். காரணம் உன் அப்பன்தான். பின் தெரு மாட்டுக்காரம்மாவிடம் பால் வாங்கப் போனபோது அவளையும் கூட்டிப் போனேன், கன்றுக்குட்டியைப் பார்த்தவள் இடத்தை விட்டு நகரவில்லை, அந்த அம்மா கறந்த பாலை நுரையோடு நீட்டினாள், டம்ளரைத் தொட்டேன், வெதுவெதுவென்று இருந்தது, சூடாகத்தானே இருக்கிறது, இன்னொரு தடவை அடுப்பில் வேறு வைக்க வேண்டுமா என்று என் பெரிய மூளைக்குத் தோன்றிவிட்டது. ஆளுக்கொரு டம்ளர் குடித்து வெள்ளை மீசையோடு வீடு வந்தோம். மூன்றாம் நாள் அவளுக்கு வயிற்றுப்போக்கு, காய்ச்சல். நான் கல்லுக்குண்டு மாதிரி இருந்தேன், அதையே டாக்டரம்மாவிடம் பெருமையாகச் சொல்லப்போய் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். உங்களுக்கு அறுபது வயசு, அவளுக்கு மூணு, நீங்க தொட்டுப் பாத்தது மாட்டோட சூடு, கிருமிக்கு அது போர்வை மாதிரி, பால் அடுப்புல பொங்கி வரணும், இல்லேன்னா இந்த வயசுல கிட்னி வரைக்கும் போயிடலாம் என்றார். உன் முகத்தில் எப்படி விழிப்பது என்பதைத் தவிர வேறு நினைப்பே இல்லை. அம்மா என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள், தட்டு மட்டும் டங்கென்று வந்து விழும். திங்கட்கிழமை ரிப்போர்ட் வந்தது, கிட்னிக்கு ஒன்றுமில்லை. காய்ச்சலும் விட்டது. உன் மகள் எழுந்து உட்கார்ந்து பக்கத்துக் கட்டில் பையனின் பிஸ்கட்டைப் பிடுங்கித் தின்றாள், நான் தேம்பித் தேம்பி அழுதேன், நர்ஸ் எனக்கும் ஒரு பிஸ்கட் கொடுத்தார்.

இன்றைய கூத்தைக் கேள். பாலைக் காய்ச்சணும், காய்ச்சணும் என்று டாக்டரம்மா சொன்னதையெல்லாம் வாலு காதில் போட்டு வைத்திருக்கிறாள். காலையில் சமையலறைக்குப் போனால், ஆற வைத்த பால் பாத்திரத்தின் மூடி மேல் ஈரத்துணி, பக்கத்தில் அவளுடைய மருந்து பாட்டிலும் ஸ்பூனும். என்னடி இது என்றால், தாத்தா, சத்தம் போடாத, பாலுக்குக் காய்ச்சல் என்கிறாள். ஒரு வாரமாக வாய் திறக்காத அம்மா தரையில் உட்கார்ந்து சிரித்தாள், சிரிப்போடு சிரிப்பாக என்னைத் திட்டவும் செய்தாள், அப்பாடா என்று இருந்தது. பாலுக்குக் காய்ச்சல் வந்தால் நமக்கு வராது என்று சொல்லி வைத்திருக்கிறோம். மருந்து பாட்டில் இப்போது பீரோவுக்கு மேலே.

பொய் சொன்னதற்கும் சேர்த்துத் திட்டு, வாங்கிக்கொள்கிறேன். வாலுவை அழைத்துப் போகிறேன் என்று மட்டும் சொல்லிவிடாதே கண்ணு, தாங்க மாட்டேன். இருவரும் நோய்நொடி இல்லாமல் நூறு வருஷம் இருங்கள். மறக்காமல் பதில் போடு, உன் மகள் காத்திருக்கிறாள். உன் அம்மாவுக்கு என்ன எழுதட்டும் என்று அவளிடம் கேட்டேன், அம்மா குடிக்கிற பாலுக்குக் காய்ச்சல் வந்துச்சான்னு கேளு என்றாள்.

இனி அடுப்படியை விட்டு நகராத,
உன் அப்பா